ஓம எண்ணெய் கிருமியைத் தடுக்கிறதா? நறுமண எண்ணெய்களைச் சோதிக்க ஓர் ஆய்வக வழிகாட்டி

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் நுண்ணுயிரியல், தாவரவியல், உயிர்வேதியியல் துறைகளில் முதுகலை மாணவர்கள் தங்கள் இறுதி ஆய்வுக்கு அடிக்கடி எடுத்துக்கொள்ளும் தலைப்புகளுள் ஒன்று, ஏதேனும் ஒரு மூலிகையின் நறுமண எண்ணெய் நோய்க்கிருமிகளை எந்த அளவுக்குத் தடுக்கிறது என்பது. ஓமத் திரவமும் கற்பூரவல்லிச் சாறும் துளசியும் நம் வீடுகளில் நெடுங்காலமாகப் புழங்கிவருவதால் இந்தத் தலைப்பின் மேல் இயல்பாகவே ஓர் ஈர்ப்பு உண்டாகிறது. பெரிய கருவிகள் இல்லாத ஆய்வகத்திலும் இதைச் செய்துவிட முடியும் என்பது இன்னொரு காரணம். ஆயினும் இத்தகைய ஆய்வுகளில் பெரும்பகுதி, கிருமி வளர்க்கும் அகார் கூழ்த் தட்டில், எண்ணெய் விட்ட காகித வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தோன்றும் தெளிந்த வளையத்தை அளந்து, அதை ஓர் ஆன்டிபயாட்டிக்கின் வளையத்தோடு ஒப்பிட்டு, மூலிகை வென்றது என்று எழுதுவதோடு முடிந்துவிடுகிறது. அந்த ஒப்பீடு செல்லாது. ஏன் செல்லாது என்பதையும், செல்லுபடியாகும் ஓர் அளவீட்டை அதே ஆய்வகத்தில் எப்படிப் பெறுவது என்பதையும் ஓமத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன். துளசி, கற்பூரவல்லி, கிராம்பு, எலுமிச்சைப்புல் ஆகியவற்றுக்கும், அங்கங்கே குறிப்பிடும் சில மாற்றங்களோடு, இதே முறை பொருந்தும்.

எண்ணெயில் வேலை செய்வது எது

சோதனையைத் தொடங்கும் முன் எண்ணெயின் வேதியியலை ஓரளவு புரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் பின்னால் வரும் ஒவ்வொரு முன்னெச்சரிக்கையும் அதிலிருந்தே பிறக்கிறது. நறுமண எண்ணெய் என்பது ஒரே பொருளன்று. இருபது முதல் அறுபது வரையிலான, எளிதில் ஆவியாகும் சேர்மங்களின் கலவை. அவற்றுள் இரண்டோ மூன்றோ மட்டும் பெருமளவில் இருக்கும். ஓம எண்ணெயில் தைமால் முதலிடம் பெறுகிறது. அதையடுத்து காமா டெர்பினீனும் பாரா சைமீனும் வருகின்றன. கற்பூரவல்லியில் கார்வக்ரால் அல்லது தைமால், கிராம்பில் யூஜினால், எலுமிச்சைப்புல்லில் சிட்ரால், நீலகிரித் தைலத்தில் சினியோல் என்று ஒவ்வொரு செடிக்கும் ஒரு தலைமைச் சேர்மம் உண்டு. துளசியில் யூஜினாலோ மெத்தில் யூஜினாலோ முதன்மை பெறும். எது மிகும் என்பது செடியின் வகையையும் வளர்ந்த இடத்தையும் பொறுத்தது.

தைமால், கார்வக்ரால், யூஜினால் ஆகிய மூன்றும் பீனால் வகையைச் சேர்ந்தவை. கொழுப்பில் எளிதில் கரையும் இவை பாக்டீரியாவின் செல் சவ்வுக்குள் புகுந்து அதன் அடுக்கைக் குலைக்கின்றன. சவ்வில் கசிவு ஏற்பட்டுப் பொட்டாசியம் அயனிகள் வெளியேறுகின்றன. உள்ளுக்கும் வெளிக்கும் இடையே செல் காத்துவந்த அமிலத்தன்மை வேறுபாடு அழிந்து, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் உற்பத்தி நின்றுபோகிறது. இதில் அந்த மூலக்கூறுகளிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிக்குப் பெரும் பங்கு இருக்கிறது. தைமாலைப் போன்ற வடிவம் கொண்டிருந்தும் ஹைட்ராக்சில் தொகுதி இல்லாத பாரா சைமீன் தனியாகப் பெரிதாக எதையும் தடுப்பதில்லை. ஆனால் சவ்வை வீங்கச் செய்து கார்வக்ரால் போன்றவை உள்ளே நுழைய வழி செய்கிறது. கலவையாக இருப்பதன் பயன் இங்கே தெளிவாகத் தெரிகிறது.

ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்கள் பொதுவாக இந்த எண்ணெய்களுக்கு எளிதில் அடங்குகின்றன. கிராம் நெகட்டிவ் வகைகளுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது; அதன் மேற்பரப்பிலுள்ள லிப்போபாலிசாக்கரைடு, நீரை விலக்கும் மூலக்கூறுகளைத் தடுத்து நிறுத்துகிறது. சூடோமோனாஸ் ஏருஜினோசா இதோடு நில்லாமல், உள்ளே வந்துவிட்ட பொருளை வெளியேற்றும் பம்புப் புரதங்களையும் வைத்திருப்பதால் பெரும்பாலான நறுமண எண்ணெய்களைத் தாங்கி நிற்கிறது. உங்கள் சோதனையில் சூடோமோனாஸ் மிக எளிதாக அடங்கிவிட்டதாகத் தெரிந்தால், மகிழ்வதற்கு முன் அது உண்மையில் சூடோமோனாஸ்தானா என்று சரிபார்த்துவிடுங்கள்.

செடியை உறுதிசெய்தலும் எண்ணெய் வடித்தலும்

எந்தச் செடியிலிருந்து எண்ணெய் எடுத்தோம் என்பதற்குச் சான்று இருக்க வேண்டும். பூவோடு கூடிய ஒரு கிளையைப் பாடம் செய்து, அடையாளம் உறுதிப்படுத்தி, உலர்தாவரத் தொகுப்பு எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ரபினாட் உலர்தாவரகம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஆகியவற்றில் பெரிய உலர்தாவரத் தொகுப்புகள் இருக்கின்றன. ஓமத்தைப் போலக் கடையில் வாங்கும் சரக்காக இருந்தால், எந்த மாதம் எந்த ஊரில் வாங்கியது, எந்த ஆண்டு அறுவடை என்பதையாவது கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய ஓமத்தில் எண்ணெய் குறைந்துபோயிருக்கும்.

எண்ணெய் வடிக்கக் கிளெவெஞ்சர் கருவி போதும். 1928-இல் அறிமுகமான இந்தக் கண்ணாடிக் கருவியின் சிறப்பு, வடிந்த நீர் மீண்டும் குடுவைக்கே திரும்பிவிட, எண்ணெய் மட்டும் அளவுக்கோடிட்ட குழாயில் தங்குவதில் இருக்கிறது. நூறு கிராம் ஓமத்தை வடிப்பதற்குச் சற்று முன்பாக ஒன்றிரண்டாக இடித்து, இரண்டு லிட்டர் குடுவையில் ஒரு லிட்டர் காய்ச்சிவடித்த நீரோடு சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். முந்தைய நாளே இடித்து வைத்தால் அந்த ஓர் இரவிலேயே மணத்தில் ஒரு பங்கு காற்றில் போய்விடும். நிமிடத்துக்கு இரண்டு முதல் மூன்று மில்லி நீர் வடியும் அளவில் சூட்டை நிறுத்தி, மூன்று மணி நேரம் தொடருங்கள். நல்ல ஓமமாக இருந்தால் நூறு கிராமுக்கு இரண்டு முதல் நான்கு மில்லி எண்ணெய் கிடைக்கும். துளசி இலையில் இவ்வளவு எதிர்பார்க்க முடியாது; கால் கிலோ பச்சை இலைக்கு ஒரு மில்லிக்கும் குறைவாகவே வடிவது வழக்கம் என்பதால், பல முறை வடித்துச் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஓமத்தில் ஒரு சிக்கல் உண்டு. தைமால் ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸில் உருகும் திண்மம். குளிர்விப்பானில் ஓடும் நீர் மிகவும் குளிர்ந்திருந்தால் அது படிகமாகி உட்குழாயில் ஒட்டிக்கொள்ளும். அப்படி வெள்ளைப் படிவு தெரிந்தால் குளிர்நீரைச் சிறிது நேரம் நிறுத்துங்கள். ஆவியின் சூட்டில் படிகம் உருகி இறங்கிவிடும். இதே குணம் பின்னாலும் தொல்லை தரும். குளிர்பெட்டியில் வைத்த ஓம எண்ணெயின் அடியில் தைமால் படிகங்கள் பிரிந்து நிற்கும்போது மேலே உள்ள திரவத்தை மட்டும் பிப்பெட்டில் எடுத்துச் சோதித்தால், வீரியமுள்ள பகுதியைப் புட்டியிலேயே விட்டுவிட்டு எஞ்சியதைச் சோதித்ததாகிவிடும். எடுக்கும் முன் மூடியபடியே வெந்நீரில் வைத்துப் படிகம் முழுவதும் கரைந்தபின் நன்றாகக் கலக்கிவிட்டே எடுக்க வேண்டும். கிராம்புக்கு வேறொரு எச்சரிக்கை: அதன் எண்ணெய் நீரைவிடக் கனமானது, ஆகவே கனத்த எண்ணெய்களுக்கென்று அமைந்த பொறிக்குழாயைப் பொருத்தாவிட்டால் எண்ணெய் நீரோடு குடுவைக்கே திரும்பிப் போய்விடும்.

வடித்த எண்ணெயில் நீர்ச்சுவடு இருக்கும். நீரற்ற சோடியம் சல்பேட்டைச் சிறிதளவு சேர்த்து நீரை உறிஞ்சவிட்டு, அம்பர் நிறக் கண்ணாடிப் புட்டியில், கழுத்துவரை நிறையும்படி ஊற்றி, 4 டிகிரி செல்சியஸில் வையுங்கள். பாதி காலியான புட்டியிலுள்ள காற்றே எண்ணெயை ஆக்சிஜனேற்றம் செய்யும். நாள்பட்ட எண்ணெயில் காமா டெர்பினீன் குறைந்து பாரா சைமீன் கூடுவதற்கு இதுவே காரணம். ஆகவே பெரிய புட்டி ஒன்றைவிடச் சிறு குப்பிகள் பல மேலானவை.

கடை எண்ணெயை வாங்கிச் சோதிப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் தாவர எண்ணெய் கலந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வடிகட்டித் தாளில் ஒரு துளி விட்டு ஒரு நாள் திறந்து வைத்தால், கலப்பற்ற ஓம எண்ணெய் பெரும்பாலும் பறந்துவிடும். சமையல் எண்ணெய் கலந்தது எண்ணெய்க் கறையாக நிற்கும். மலிவான யூஜினாலைச் சேர்த்த துளசி எண்ணெயை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதற்கு வாயு நிறப்பகுப்பும் நிறை நிறமாலையும் இணைந்த கருவியில் பகுத்துப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகங்களின் மையக் கருவியகங்களில் கட்டணம் செலுத்தி இதைச் செய்துகொள்ளலாம். செலவைக் குறைக்க விரும்புபவர்கள் வேறெதையேனும் குறைத்துக்கொள்ளட்டும். இந்தப் பகுப்பாய்வு இல்லாமல் ஓம எண்ணெய் என்று எழுதினால், படிப்பவருக்கு அதில் தைமால் 35 சதவீதமா 60 சதவீதமா என்று தெரியாது, அது தெரியாமல் உங்கள் முடிவை யாரும் தங்கள் ஆய்வகத்தில் மீண்டும் பெற்றுப் பார்க்க முடியாது.

பாக்டீரியாக் கலங்கல்

மருத்துவமனையிலிருந்து கிடைத்த அடையாளம் தெரியாத ஒரு கிருமியை மட்டும் வைத்து ஆய்வு செய்யாதீர்கள். தரப்படுத்திய இனங்கள் கூடவே இருக்க வேண்டும் (ஏடிசிசி என்பது அமெரிக்க நுண்ணுயிர்ச் சேகரிப்பு; எண் அதன் பட்டியல் எண்): ஈ.கோலி ஏடிசிசி 25922, ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஏடிசிசி 25923 அல்லது 29213, சூடோமோனாஸ் ஏருஜினோசா ஏடிசிசி 27853. சண்டிகரில் இயங்கும் எம்டிசிசி என்னும் நுண்ணுயிர்ச் சேகரிப்பிலிருந்தும் இனங்களை வாங்கலாம். இவை நோயுண்டாக்கக்கூடியவை, கையுறையும் பாதுகாப்புப் பேழையும் இல்லாத இடத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

புதிதாக வளர்ந்த நான்கைந்து கொத்துகளை உப்புநீரில் கலக்கி, கலங்கலை 0.5 மெக்ஃபார்லண்ட் தரத்துக்கு (கலங்கலின் அடர்த்தியை ஒப்பிடும் அளவுகோல்) கொண்டுவாருங்கள். 1.175 சதவீத பேரியம் குளோரைடு கரைசலில் 0.05 மில்லியையும், 1 சதவீத கந்தக அமிலத்தில் 9.95 மில்லியையும் தனிக் குழாயில் கலந்தால், ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தரம் கிடைத்துவிடும். நிறமாலைமானி இருந்தால் 625 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.08 முதல் 0.13 வரை இருக்க வேண்டும். இது மில்லிக்கு ஏறத்தாழ 10 கோடி முதல் 20 கோடி உயிர்செல்களைக் குறிக்கும். தயாரித்த பதினைந்து நிமிடங்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள். கலங்கல் அடர்ந்து போனால் எண்ணெய் வீரியமற்றதுபோலத் தோன்றும். நீர்த்துப் போனால் இல்லாத வீரியம் இருப்பதுபோலத் தோன்றும்.

வில்லைச் சோதனையும் அதன் எல்லையும்

முல்லர் ஹின்டன் அகார் என்னும் வளர்ப்பு ஊடகத்தை 4 மில்லிமீட்டர் ஆழம் வருமாறு ஊற்றுங்கள். 90 மில்லிமீட்டர் தட்டுக்குச் சுமார் 25 மில்லி தேவைப்படும். பஞ்சுக்குச்சியால் கலங்கலை மூன்று திசைகளில் தடவி, மேற்பரப்பு உலர்ந்தபின் 6 மில்லிமீட்டர் காகித வில்லையை வைத்து, 10 மைக்ரோலிட்டர் எண்ணெய் விட்டு, 35 டிகிரி செல்சியஸில் 16 முதல் 18 மணி நேரம் வளரவிடுங்கள். ஒரு தட்டில் ஓர் எண்ணெய்தான் இருக்க வேண்டும். இரண்டு எண்ணெய்களை ஒரே தட்டில் வைத்தால் ஒன்றின் ஆவி மற்றதன் பகுதிக்கும் பரவும்; ஆன்டிபயாட்டிக் வில்லையையும் அதே தட்டில் வைத்தால் அதன் வளையமும் பெரிதாகிவிடும். ஆன்டிபயாட்டிக்கைத் தனித் தட்டில் வைத்து, ஜென்டாமைசின் 10 மைக்ரோகிராம் வில்லைக்கு ஈ.கோலி 25922-இல் 19 முதல் 26 மில்லிமீட்டரும், ஸ்டாஃபிலோகாக்கஸ் 25923-இல் 19 முதல் 27 மில்லிமீட்டரும் வருகின்றனவா என்று பாருங்கள். அந்த எல்லைக்குள் வராவிட்டால் ஊடகத்திலோ கலங்கலிலோ பிழை இருக்கிறது. அன்றைய எண்ணெய் முடிவுகளையும் சேர்த்து ஒதுக்கிவிட வேண்டும்.

இப்போது முதலில் சொன்ன ஒப்பீட்டுக்கு வருவோம். எண்ணெய் வில்லையைச் சுற்றி 24 மில்லிமீட்டரும் ஜென்டாமைசினைச் சுற்றி 21 மில்லிமீட்டரும் வந்தன என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு எண்ணெய் வென்றது. ஆனால் ஜென்டாமைசின் வில்லையில் இருப்பது 10 மைக்ரோகிராம். 10 மைக்ரோலிட்டர் எண்ணெயின் எடையோ ஏறத்தாழ 9 மில்லிகிராம், அதாவது 9,000 மைக்ரோகிராம். தொள்ளாயிரம் மடங்கு பொருளை வைத்துவிட்டு மூன்று மில்லிமீட்டர் கூடியதை வெற்றி என்று சொல்வது நேர்மையான கணக்கன்று. மேலும், ஜென்டாமைசின் நீரில் கரைந்து அகாருக்குள் சீராகப் பரவுகிறது. எண்ணெய் நீரில் மிகக் குறைவாகவே கரைவதால் அகாரில் அரைகுறையாகப் பரவி, மீதி மேற்பரப்பிலிருந்து ஆவியாகிறது. நறுமண எண்ணெயின் வளையம் என்பது கிருமியை அடக்கும் வலிமை, நீரில் கரையும் தன்மை, ஆவியாகும் வேகம் ஆகிய மூன்றும் கலந்த ஒரு தொகை. அவற்றுள் எது எவ்வளவு என்பதை வளையம் சொல்லாது. மெதுவாகப் பரவும் நல்ல எண்ணெய் சிறிய வளையத்தையும், விரைந்து பரவும் சாதாரண எண்ணெய் பெரிய வளையத்தையும் தரலாம். ஆன்டிபயாட்டிக்குகளுக்கு வகுத்த "உணர்திறன் உடையது", "எதிர்ப்புடையது" என்னும் மில்லிமீட்டர் எல்லைகளை எண்ணெய்க்குப் பொருத்துவதும் இதனாலேயே பிழை. வில்லைச் சோதனையை எந்த எண்ணெயை மேலும் ஆராயலாம் என்று சலித்தெடுக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு

எண்ணெயின் வலிமையைச் சொல்லும் அளவு, எவ்வளவு குறைந்த செறிவில் அது வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துகிறது என்பதே. இதற்கு 96 குழிகள் கொண்ட தட்டில் இரட்டைப்படி நீர்த்தல் செய்ய வேண்டும். நீரில் கலக்காத ஒரு பொருளை நீர் ஊடகத்தில் எப்படிச் சீராக நிறுத்துவது என்பதே இதிலுள்ள முதன்மையான இடர். எண்ணெயையும் நீரையும் கலக்கவைக்கும் ட்வீன் 80 சேர்ப்பது எளிய வழி. ஆனால் அதன் நுண்துளிகள் எண்ணெயைத் தம்முள் பிடித்துவைத்துக்கொள்வதால் பாக்டீரியாவுக்குக் கிடைக்கும் அளவு குறைந்து, எண்ணெய் உள்ளதைவிட வலுவற்றதாகத் தெரியும். ஊடகத்தில் 0.15 சதவீதம் அகார் சேர்ப்பதே நான் பரிந்துரைப்பது. அந்தச் சிறிய அளவு ஊடகத்தைக் கெட்டியாக்காது, ஆனால் எண்ணெய்த் துளிகள் மேலே மிதந்து ஒன்றுசேர்வதைத் தடுத்துவிடும்.

40 மைக்ரோலிட்டர் எண்ணெயை 40 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓ என்னும் கரைப்பானில் கரைத்து, அகார் சேர்த்த முல்லர் ஹின்டன் திரவ ஊடகம் 1.92 மில்லியில் சேர்த்துப் பால்போல ஆகும்வரை கலக்குங்கள். இது 2 சதவீதக் கரைசல். தட்டின் இரண்டாம் பத்தி முதல் பதினொன்றாம் பத்தி வரை ஒவ்வொரு குழியிலும் 100 மைக்ரோலிட்டர் வெற்று ஊடகத்தை இட்டுவிட்டு, முதல் பத்தியில் 200 மைக்ரோலிட்டர் எண்ணெய்க் கரைசலை ஊற்றுங்கள். முதல் பத்தியிலிருந்து 100 மைக்ரோலிட்டரை எடுத்து இரண்டாவதில் சேர்த்துக் கலக்கி, அதிலிருந்து மூன்றாவதற்கு என்று பத்தாம் பத்தி வரை கொண்டுபோய், கடைசி 100 மைக்ரோலிட்டரை நீக்கிவிடுங்கள். ஒவ்வொரு படிக்கும் பிப்பெட் முனையை மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் முனையில் எண்ணெய் ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்த குழிகளுக்குப் பயணம் செய்யும் என்பதால், முனையைச் சேமிக்க நினைத்தால் முழுத் தட்டும் வீண்.

0.5 மெக்ஃபார்லண்ட் கலங்கலை ஊடகத்தில் நூற்றைம்பது மடங்கு நீர்க்கச் செய்தால் மில்லிக்குச் சுமார் 10 லட்சம் செல்கள் இருக்கும். அதை முதல் பதினொரு பத்திகளிலும் 100 மைக்ரோலிட்டர் வீதம் சேர்த்துவிட்டால், குழியில் இறுதி அளவு மில்லிக்கு 5 லட்சமாகவும், எண்ணெய் முதல் குழியில் 1 சதவீதம், அடுத்து 0.5, 0.25 என்று பாதி பாதியாகவும் அமையும். பதினொன்றாம் பத்தி எண்ணெயில்லா வளர்ச்சிக்கான ஒப்பு. பன்னிரண்டாவதில் 200 மைக்ரோலிட்டர் ஊடகம் மட்டும். இவை போக, டிஎம்எஸ்ஓ மட்டும் உள்ள ஒரு வரிசை, பாக்டீரியா இல்லாமல் எண்ணெய் மட்டும் உள்ள ஒரு வரிசை, தூய தைமால் ஒரு வரிசை, ஜென்டாமைசின் ஒரு வரிசை ஆகியவை வேண்டும். இவற்றை வேறு வேறு தட்டுகளில் வைத்து, ஒவ்வொன்றையும் ஒட்டும் மென்படலத்தால் இறுக மூடுங்கள். வெறும் பிளாஸ்டிக் மூடி போதாது; அதிகச் செறிவுள்ள குழியின் ஆவி பக்கத்துக் குழிகளின் வளர்ச்சியையும் அடக்கிவிடும். தைமால் வரிசை கூடுதல் வேலையாகத் தோன்றலாம், ஆனால் எண்ணெயின் வலிமை முழுவதும் தைமாலால் வந்ததா, கலவையால் கூடியதா என்ற கேள்விக்கு அதுவொன்றே விடை தரும்.

கலங்கல் சரியாக இருந்ததா என்பதை அப்போதே உறுதிசெய்துகொள்ளலாம். எல்லாவற்றையும் கலந்து முடித்தவுடன் வளர்ச்சி ஒப்புக் குழியிலிருந்து 10 மைக்ரோலிட்டரை எடுத்து 10 மில்லி உப்புநீரில் கலந்து, அதில் 100 மைக்ரோலிட்டரை அகாரில் பரப்பினால் மறுநாள் ஏறத்தாழ ஐம்பது கொத்துகள் தோன்ற வேண்டும்.

35 டிகிரி செல்சியஸில் 18 முதல் 20 மணி நேரம் கழித்துத் தட்டைப் பார்த்தால், எண்ணெயே கலங்கலாக இருப்பதால் வளர்ச்சி எது, எண்ணெய் எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. அதற்காகவே ரெசசுரின் நிறமி. 0.015 சதவீதக் கரைசலில் 30 மைக்ரோலிட்டரை ஒவ்வொரு குழியிலும் இட்டு மீண்டும் இரண்டு முதல் நான்கு மணி நேரம் வையுங்கள். உயிருள்ள பாக்டீரியா நீலத்தை இளஞ்சிவப்பாக மாற்றும். நீலமாகவே நிற்கும் குழிகளுள் மிகக் குறைந்த செறிவு எதுவோ அதுவே குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு. பாக்டீரியா இல்லாத எண்ணெய் வரிசையும் இளஞ்சிவப்பாகியிருந்தால், எண்ணெயே நிறமியை வேதிமுறையில் ஒடுக்கி நிறம் மாற்றியிருக்கிறது என்று பொருள். அப்போது நிறத்தை நம்பாமல் அகாரில் பரப்பிப் பார்க்க வேண்டும்.

தடுத்ததா, கொன்றதா என்பது அடுத்த கேள்வி. நிறமி இடாத இணைத்தட்டு ஒன்றை வைத்திருந்து, தடுப்பு நிகழ்ந்த குழிகளிலிருந்து 10 மைக்ரோலிட்டர் வீதம் அகாரில் இடுங்கள். தொடக்கத்தில் அந்த 10 மைக்ரோலிட்டரில் 5,000 செல்கள் இருந்தன. மறுநாள் ஐந்து கொத்துகளோ அதற்குக் குறைவாகவோ தோன்றினால் 99.9 சதவீதம் மடிந்துவிட்டன. அந்தச் செறிவு தடுப்புச் செறிவின் நான்கு மடங்குக்குள் இருந்தால் அந்த எண்ணெய் கிருமியைக் கொல்லும் வகை எனலாம். தைமால் மிகுந்த எண்ணெய்களில் இவ்விரு அளவுகளும் பெரும்பாலும் அருகருகே இருக்கும். சவ்வு சிதைந்தபின் செல் பிழைப்பது அரிது.

முழுச் சோதனையையும் வெவ்வேறு நாட்களில், புதிய கலங்கலோடு, குறைந்தது மூன்று முறை செய்யுங்கள். ஒரே நாளில் ஒரே கலங்கலிலிருந்து நிரப்பிய மூன்று குழிகள், மூன்று தனிச் சோதனைகள் ஆகா. இரட்டைப்படி நீர்த்தலில் ஒரு படி முன்பின்னாவது இயல்பு என்பதால், 0.06 சதவீதமும் 0.12 சதவீதமும் வேறு வேறு என்று வாதிட இடமில்லை. இந்த அளவுகளுக்குச் சராசரியும் திட்ட விலக்கமும் போடுவதைவிட, மூன்று முறையும் வந்த மதிப்புகளை அப்படியே தருவது நன்று.

கேண்டிடா அல்பிகன்ஸ் போன்ற ஈஸ்டுகளுக்கு, முல்லர் ஹின்டனுக்கு மாற்றாக ஆர்பிஎம்ஐ 1640 என்னும் ஊடகம். மில்லிக்கு 500 முதல் 2,500 செல்கள் போதும்.

ஆவியின் ஆற்றல்

ஓமத்தைத் துணியில் கட்டி முகர்வதும் நீலகிரித் தைலமிட்டு ஆவி பிடிப்பதும் நம் வழக்கம் என்பதால், ஆவி மட்டும் என்ன செய்கிறது என்று பார்க்க விரும்புவோர் உண்டு. பாக்டீரியா தடவிய தட்டைக் கவிழ்த்து வைத்து, மூடியின் உட்புறத்தில் எண்ணெய் நனைத்த வில்லையை ஒட்டி, சுற்றிலும் பாராஃபிலிம் என்னும் மெழுகுப் படலத்தைச் சுற்றி வளரவிடுங்கள். எண்ணெய் அகாரைத் தொடாமலேயே வளர்ச்சி நின்றிருந்தால் அது ஆவியின் வேலை. வில்லையில் விட்ட எண்ணெயின் அளவைத் தட்டுக்குள் இருக்கும் காற்றின் கொள்ளளவால் வகுத்து, லிட்டர் காற்றுக்கு இத்தனை மைக்ரோலிட்டர் என்று எழுத வேண்டும். மூடிய தட்டில் கிடைத்த அளவைத் திறந்த அறைக்குப் பொருத்திவிடக் கூடாது.

முடிவை எழுதும்போது

தடுப்புச் செறிவைக் கன அளவுச் சதவீதத்திலும் மில்லிக்கு மில்லிகிராமிலும் சேர்த்தே எழுதுங்கள். 1 சதவீத எண்ணெய் என்பது மில்லிக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம். ஆன்டிபயாட்டிக்கோடு ஒப்பிடுவதாக இருந்தால் இப்போது அது நியாயமானதாக இருக்கும். ஈ.கோலி 25922-க்கு ஜென்டாமைசினின் தடுப்புச் செறிவு மில்லிக்கு 0.25 முதல் 1 மைக்ரோகிராம். பீனால் மிகுந்த நல்ல எண்ணெய்களுக்கு அது சில நூறு மைக்ரோகிராம்களிலிருந்து தொடங்கும். இந்த இடைவெளியைக் கண்டு மனம் சோர வேண்டியதில்லை. நறுமண எண்ணெயின் பயன், இரத்தத்தில் செலுத்தும் மருந்துக்கு மாற்றாவதில் இல்லை. உணவுப் பண்டம் கெடாமல் காத்தல், வாய் கொப்பளிக்கும் நீர், தோல்மேல் பூசும் களிம்பு, மேற்பரப்புத் தூய்மை, ஆன்டிபயாட்டிக்குக்குத் துணைநிற்றல் ஆகிய இடங்களில் இருக்கிறது. அந்த இடங்களில் இந்தச் செறிவு எட்டக்கூடியதே. தைமால் வாய் கொப்பளிக்கும் நீர்மங்களில் நெடுங்காலமாகச் சேர்க்கப்படுவதும், ஆஸ்திரேலியத் தேயிலை மர எண்ணெய் களிம்புகளில் இடம்பெறுவதும் இதற்குச் சான்று.

கஷாயத்தையும் எண்ணெயையும் ஒன்றெனக் கொள்ள வேண்டாம். தைமால் நீரில் லிட்டருக்கு ஒரு கிராம் அளவே கரையும். திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் கஷாயத்திலிருந்து அதுவும் ஆவியோடு போய்க்கொண்டிருக்கும். எண்ணெய்க்குக் கிடைத்த முடிவைக் கஷாயத்துக்கும், தட்டில் கிடைத்த முடிவை உடலுக்கும் நீட்டித்து எழுதுவது படிப்பவரை ஆபத்தில் தள்ளும். நீர்க்காத எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். நீலகிரித் தைலத்தைச் சிறிதளவு விழுங்கிய குழந்தைகளுக்கு வலிப்பும் மயக்கமும் வந்திருக்கின்றன. மருந்தாகக் கொள்ளும் அளவைப் பற்றி உங்கள் ஆய்வில் ஒரு வரி கூட எழுத வேண்டாம், ஏனெனில் நீங்கள் அதைச் சோதிக்கவில்லை.

பயன்படுத்திய தட்டுகளையும் முனைகளையும் 121 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆட்டோகிளேவில் வைத்தபின்னரே கழிவில் சேருங்கள். மீந்த எண்ணெயில் ஒரு சிறு குப்பியை, வடித்த தேதி, உலர்தாவரத் தொகுப்பு எண், பகுப்பாய்வு அறிக்கையின் நகல் ஆகியவற்றோடு துறையின் குளிர்பெட்டியில் விட்டுச் செல்லுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர் அதே எண்ணெயை மீண்டும் பகுத்துச் சோதித்து, உங்கள் மதிப்புக்கு ஒரு படி முன்பின்னுக்குள் தம் மதிப்பும் வருகிறதா என்று பார்க்க அது உதவும்.